திருநீற்றுத் தட்டும் செவ்வாய்க்கிழமைச் சோறும்

எங்கள் வீட்டுத் திருநீற்றுத் தட்டு சீக்கிரம் காலியாவதை முதலில் கவனித்தவன் நான்தான். அப்போது வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஓர் அறை, அதிலேயே ஒரு சமையல் மூலை. கிழக்குச் சுவரில் முருகன் படம். படத்துக்குக் கீழே பலகை, பலகையில் பித்தளைத் தட்டு. குளித்துவிட்டு வந்து மூன்று விரலில் அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டால்தான் எனக்குச் சைக்கிளில் ஏறக் கால் வரும். பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. கத்தி பிடிக்கிற கை, திருநீறு படாமல் மேஜைப் பக்கம் போகாது.

பழனியிலிருந்து வாங்கி வந்து தட்டில் கொட்டினால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வரும். அந்தத் தடவை ஒரு வாரத்திலேயே பித்தளை பளபளவென்று தெரிந்தது. மறுபடி கொட்டினேன். மறுபடியும் தெரிந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. காரணம் இருக்கிறது. கல்யாணமாகி வெகு வருசம் எங்களுக்குக் குழந்தை இல்லை. என் சம்சாரம் செவ்வாய்க்கிழமை, கிருத்திகை, சஷ்டி மூன்றுக்கும் விரதம் பிடித்தாள். பொழுது இறங்கிக் கோயிலுக்குப் போய் வரும்வரை பச்சைத் தண்ணீர்தான். வருசக்கணக்கில் அப்படிக் கிடந்து, கடைசியில் என் அப்பன் முருகன் கண் திறந்தான். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாள் முதல் எங்கள் வீட்டுக் காற்றே வேறு மாதிரி இருந்தது. இப்போது ஐந்தாவது மாதத்தில் திருநீறும் தானாகக் குறைகிறது என்றால் வேறு என்ன நினைப்பது? சாமியே வந்து எடுத்துக்கொள்கிறது என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்தவர் நேராகத் தண்ணீர்க் குழாய்க்குப் போனார். அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்? குழாயடியில் குடம் வைத்திருந்த பெண்கள் வரிசையாக வந்து எங்கள் தட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு அம்மாள் தேங்காய் கொண்டுவந்து வைத்தார். இன்னொருவர், மகளுக்கு மாப்பிள்ளை அமைய வேண்டும் என்று தட்டுக்கு முன்னால் நின்று வெகு நேரம் முணுமுணுத்தார். என் சம்சாரம் மட்டும் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள் திரும்பவே இல்லை. பக்தியில் கண் கலங்குகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வீட்டு அக்காவும் வந்தார். கிறிஸ்தவக் குடும்பம். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர்தான்; எங்கள் வீட்டில் கடுகு தாளித்தால் அங்கே தும்முவார்கள். அக்கா தட்டைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு என் சம்சாரத்தின் தோளைப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்தார்.

"ஏன் அம்மிணி, முருகன் எடுத்துக்கற திருநீறு உன்ற ஒதட்டோரத்துக்கு எப்பிடி வந்துச்சு?"

என் சம்சாரம் முந்தானையால் வாயைத் துடைத்தாள். துடைத்ததில் கன்னம் வரைக்கும் வெள்ளையானது.

"என்னமோ தெரியலீங்க்கா. அதைக் கண்டா நாக்குல எச்சி ஊறுது. ஒரு கிள்ளு வாயில போட்டா மனசு அடங்குது. சாமி பிரசாதந்தானேன்னு…"

கூடியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். தேங்காய் கொண்டுவந்த அம்மாள் தேங்காயைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

என் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "தின்னா என்ன? திருநீறு தின்னா புள்ள பக்தியாப் பொறக்கும்."

"பக்தியாப் பொறக்கட்டுங்க. மொதல்ல நல்லபடியாப் பொறக்கோணுமில்லீங்களா?" என்றார் அக்கா. "எந்தங்கச்சியும் இப்பிடித்தானுங்க அடுப்புச் சாம்பலத் தின்னா. ஒடம்புல ரத்தமே இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க."

டாக்டரம்மா என் சம்சாரத்தின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நகத்தை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்து ஊசியோடு உள்ளே கொடுத்தார். முடிவு வந்ததும் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்தார்.

"ரத்தம் ஏழரைதான் இருக்குது."

"ஏழரையா! அதானே பார்த்தேன்," என்றார் அம்மா. "சனீஸ்வரனுக்கு எள்ளு விளக்குப் போட்டுரலாமுங்க."

"விளக்குப் போடுங்க, வேண்டாங்கல. ஆனா முருங்கைக்கீரையும் போடுங்க." டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார். சாம்பல், மண், சுண்ணாம்பு இதிலெல்லாம் ஆசை வருவதே ரத்தம் குறைந்ததால்தானாம். தின்னத் தின்ன வயிறு கெடுமே தவிர ரத்தம் ஊறாதாம். கீரை, ராகி, பயறு, பேரீச்சை, நன்றாக வேகவைத்த முட்டை, வாரத்தில் ஒருநாள் கறியோ மீனோ என்று விரல்விட்டுச் சொன்னார். இரும்பு மாத்திரையைக் காப்பி டீயோடு விழுங்காமல், கூட ஒரு கொய்யாவோ எலுமிச்சைத் தண்ணீரோ சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். பால், தண்ணீர் எல்லாம் காய்ச்சித்தான்.

"பச்சை முட்டைய ஒடச்சு வாயில ஊத்துனா பலமில்லீங்களா? நானெல்லாம் அப்பிடித்தான் குடிச்சேன்," என்றார் அம்மா.

"அந்தக் காலம் வேறீங்க. பச்சையாக் குடுக்காதீங்க. வேக வெச்சே குடுங்க."

அம்மாவுக்கு இன்னொரு கவலை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இத்தனையும் தின்னா புள்ள பெருத்துருமுங்களே. அப்பறம் எப்பிடி வெளிய வரும்?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். எனக்கு அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. "புள்ள பெருசாகுதுன்னு பயப்படாதீங்கம்மா. இந்த ரத்தத்தோட இவங்க பிரசவத்துக்கு வந்தா, அதுக்குத்தான் நான் பயப்படறேன். சாதாரணமாப் போற ரத்தத்தைக்கூட இந்த உடம்பு தாங்காது. அதுக்குள்ள ஏறலைன்னா நான் இங்க பிரசவம் பார்க்க மாட்டேன். கோயமுத்தூர்ப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன். அங்கயும் தாயி, புள்ள ரெண்டுக்கும் யாரும் உறுதி சொல்ல முடியாது."

நான் முருகா என்று சொல்லக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாம் குடுத்தர்றோமுங்க," என்று அம்மாதான் முதலில் பேசினார். "செவ்வாய், கிருத்திகை, சஷ்டி தவுத்து."

"அன்னைக்கு என்ன?"

"விரதமுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ஏதோ விரதத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். "பட்டினியே கூடாது," என்றார். "ஒரு நாளும்."

பஸ்ஸில் வரும்போது என் சம்சாரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மத்ததெல்லாம் கேட்டுக்கறனுங்க. விரதத்த மட்டும் என்னால வுட முடியாதுங்க. குடுன்னு கேக்கறப்ப பட்டினி கெடந்து கேட்டுப்போட்டு, குடுத்தப்பறம் வவுறு நெறயத் தின்னா, அந்தச் சாமி என்னங்க நெனைக்கும்? கழுதை காரியம் முடிஞ்சதும் போயிருச்சுன்னு நெனைக்காதுங்களா?"

அவள் சொன்னதில் எனக்கே நியாயம் பட்டதுதான் தொந்தரவு. முருகனிடம் நன்றி கெட்டு நடக்க எனக்கும் மனசில்லை. சம்சாரத்தையும் பிள்ளையையும் இழக்கவும் திராணியில்லை.

மறுநாள் கம்பெனி விட்டதும் எங்கள் ஊர் முருகன் கோயிலுக்குப் போனேன். பூசாரி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எண்ணெய்க் கையைத் தலையில் தேய்த்தபடி யோசித்தார்.

"புருசனும் பொண்டாட்டியும் சாமிக்கு ஒண்ணுதானுங்க. அந்த அம்மிணியோட விரதத்த நீங்க வாங்கிக்கங்க. விரதம் நிக்கவும் நிக்காது, அவங்க உண்டுக்கவும் ஆச்சு."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சன்னிதியில் வைத்து என் சம்சாரம் சொம்புத் தண்ணீரை என் கையில் ஊற்ற, நான் விரதத்தை வாங்கிக்கொண்டேன். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பார்கள். பசியைத் தாரை வார்த்து வாங்கியவன் இந்த உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருக்கும். அவள் முகத்தில் அன்று ஒரு நிம்மதி. எனக்கோ சூரசம்ஹாரத்தில் வேல் பிடித்துக்கொண்டு போகிறவன் மாதிரி ஒரு மிதப்பு.

அந்த மிதப்பு முதல் செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வரைக்கும் இருந்தது.

பதினோரு மணிக்குக் கம்பெனியில் டீ வரும். டீயோடு போண்டா. மற்ற நாளில் அந்தப் போண்டாவை நான் மதித்ததே கிடையாது. உள்ளே உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். அன்று அதன் வாசம் கட்டிங் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் மூக்கில் உட்கார்ந்துகொண்டது. மத்தியானம் எல்லோரும் சோற்றுப்போசியைத் திறந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, கத்தரிக்காய்க் குழம்புக்கு இத்தனை தூரம் வாசம் வரும் என்று. இதை அவள் வருசக்கணக்கில் வாயைத் திறக்காமல் தாங்கியிருக்கிறாள். வீட்டில் எங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டே வேறு.

திருநெல்வேலிப் பக்கத்துத் தையல்காரர் ஒருவர் எங்கள் கம்பெனியில் இருந்தார். ஓவர்லாக் மிஷினில் கால் ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, மொகமெல்லாம் வெளுத்துப் போயிக் கெடக்கு?"

"விரதமுங்க. ஊட்டுல முழுகாம இருக்காங்க, அவங்களுக்குப் பதிலா நான்…"

"அவிய முழுகாம இருக்காவ, நீரு மயங்கிக் கெடக்கேரு. அப்ப வாந்தி யாருக்கு அண்ணாச்சி?"

மிஷின் மிஷினாகச் சிரிப்பு ஓடியது. அதிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் யாராவது ஒருத்தர் என் மேஜைக்கு வந்து, "மாங்காய் ஏதாச்சும் வேணுமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கிருத்திகையன்று கண் இருட்டிக்கொண்டு வர, பெரிய சைஸுக்கு விரித்த துணி அடுக்கின்மேல் சின்னப் பையன் சைஸ் அட்டையை வைத்து வெட்டிவிட்டேன். முதலாளி வந்து பார்த்தார். நல்ல மனுசன், அவரும் முருக பக்தர்.

"ஏனுங்க, இதென்னுங்க?"

"விரதமுங்க முதலாளி."

"விரதம் நீங்க இருக்கறீங்க, சரி. பனியன் எதுக்குங்க எளைச்சுப் போச்சு?"

இதெல்லாம் என் சம்சாரத்துக்கும் பிள்ளைக்கும் என்று நினைத்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் ஒரு வேளை பட்டினி கிடந்தால் அங்கே அவள் உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் ஊறுகிறது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஆனால் திருநீற்றுத் தட்டு மட்டும் குறைந்துகொண்டே இருந்தது. அவள் கண்ணுக்குப் படாமல் ஒளித்து வைத்துப் பார்த்தேன். ஒளித்த இடத்திலும் குறைந்தது.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் போனபோது ரத்தம் ஏழரையிலிருந்து ஏழாகியிருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. "அதெப்பிடிங்க டாக்டரம்மா? பட்டினி கெடக்கறது நானுங்க. அவளுக்கு எப்பிடிங்க கொறையும்?"

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்ன சாப்பிட்டே?"

"அவரு சாப்பிடலீங்க."

"அவரைக் கேக்கலம்மா. நீ என்ன சாப்பிட்டே?"

"அதானுங்க சொல்றேன். அவரு சாப்பிடலீங்களே."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்தபோது நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் அது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சம்சாரம் நான் உண்ணாமல் ஒரு வாய் உண்டவள் இல்லை. யாரும் சொல்லி வைத்ததில்லை; அவள் அம்மா அப்படி, என் அம்மா அப்படி, அவளும் அப்படி. நான் மத்தியானம் கம்பெனியில் உண்பதால், ஒரு மணிக்கு மில்லுச் சங்கு ஊதினால் அவளுக்கு அதுதான் கணக்கு. "சங்கு ஊதுனா இவுங்க போசியத் தொறந்திருப்பாங்க, சித்தெ நேரங்கழிச்சு நானும் உண்டுக்குவனுங்க," என்று டாக்டரம்மாவிடம் விளக்கினாள். "செவ்வாக்கெழம சங்கு ஊதி என்னத்துக்குங்க ஆகும்? போசியே ஊட்டுலதானுங்க கெடக்குது."

நான் விரதம் இருந்தேன், அவளுக்காக. நான் உண்ணாததால் அவளும் உண்ணவில்லை, எனக்காக. அதுவும் பழைய விரதமாவது பொழுது இறங்கினால் முடிந்துவிடும். இப்போதோ, ஒன்றரை ஷிப்டு ஓடுகிற நாளில் நான் கோயிலுக்குப் போய் வீடு வந்து சேர ராத்திரியாகிவிடும். அதுவரைக்கும் பிள்ளைத்தாய்ச்சி கிடந்திருக்கிறாள்.

"நீங்க ஊட்டுலதானே இருந்தீங்க, பார்க்கலீங்களா?" என்று டாக்டரம்மா அம்மாவைக் கேட்டார்.

"பார்த்தனுங்க. புள்ள பெருக்காம இருந்தாச் சரின்னு நானும் கம்முனு இருந்துட்டனுங்க."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், மாத்திரை எழுதுகிற அதே குரலில் சொன்னார்: "இனிமே வைத்தியம் உங்களுக்குத்தான். மூணு வேளையும் நேரத்துக்கு நீங்க சாப்பிடணும். இவங்க கண்ணு முன்னால."

வீட்டுக்கு வந்ததும் பஞ்சாயத்துத் தொடங்கியது. நான் உண்ணுவதென்றால் விரதம் என்னாவது? என் சம்சாரம் பிடித்த பிடியை விடவில்லை. ஏழு என்று கேட்டதிலிருந்து அம்மாவும் பயந்துபோயிருந்தார். "குடு, நா எடுத்துக்கறேன். வயசான கட்டை, ஒரு நேரம் திங்காட்டி என்ன போச்சு?" என்றார்.

"அத்தை உண்காம கெடக்கறப்ப நான் எப்பிடிங்க உண்பேன்?" என்றாள் என் சம்சாரம்.

அம்மா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இந்த வீட்டில் யார் பட்டினி கிடந்தாலும் அது சுற்றிச் சுற்றி அவள் வயிற்றுக்குத்தான் போய்ச் சேரும். "அப்பனே முருகா, இந்த விரதத்த எங்கதான் கொண்டுபோயி வெக்கறது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"இங்க குடுங்க, நான் வெச்சுக்கறேன்."

அக்காதான். அடுத்த நிமிசம் வாசலில் நின்றார், கையில் அரிவாள்மனையோடு. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்திருந்தார். "தவசு காலத்துல நாங்களும் உபவாசம் இருக்கறவங்கதானுங்க. எனக்குப் பழக்கந்தான். நான் உண்காட்டி இந்தப் புள்ளைக்கு என்ன? நான் இந்த ஊட்டு ஆளில்லையே."

அம்மா கலவரமாகப் பார்த்தார். "உங்க சாமி கோவிச்சுக்காதா அம்மிணி?"

"எங்க சாமி ஒண்ணுஞ் சொல்லாதுங்க. உங்க சாமிதான் கையில வேலு வெச்சிருக்குது. அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

கேட்கத்தான் வேண்டியிருந்தது. பூசாரி விசயத்தைக் கேட்டதும் இந்தத் தடவை தலையைத் தேய்க்கவில்லை. "இது நாஞ் சொல்ற காரியமில்லீங்க. பூப் போட்டுக் கேட்டுரலாம்," என்றார். எங்கள் பக்கத்தில் எந்தக் குழப்பமானாலும் அதுதான் முடிவு. சாமி சிலையின் இரண்டு தோளிலும் பூ வைத்துவிட்டு நிற்போம். வலது பக்கத்துப் பூ விழுந்தால் சம்மதம், இடது பக்கம் விழுந்தால் வேண்டாம்.

பூ வைத்தார். நின்றோம். என் சம்சாரம் கண்ணை மூடி உதடு அசைய நின்றாள். அம்மா மூடாமல், பூவைப் பார்த்தே வேண்டினார். அக்கா வாசற்படிக்கு வெளியே முக்காடு போட்டு நின்றார். பூ அசையவில்லை. வெகு நேரம் அசையவில்லை. நான் எனக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னேன்: அப்பனே, உனக்குப் பட்டினிதான் வேணுமின்னா யாரு வயிறுன்னு பார்க்காதே. அந்தப் பிள்ளையைக் கொடுத்தது நீ. அதைக் காப்பாத்தற சோத்துக்கும் நீதான் வழிவிட வேணும்.

"எனக்குக் காலு கடுக்குதுங்க," என்றார் அக்கா வெளியிலிருந்து, யாரிடம் என்று தெரியாமல்.

வலது தோள் பூ விழுந்தது.

பூசாரி சூடத்தை ஏற்றிவிட்டு, "கூப்புட்ட கொரலுக்கு விழுந்திருச்சு பாருங்க," என்றார். அம்மா அன்றிலிருந்து அக்காவுக்குத் தனி மரியாதை கொடுக்க ஆரம்பித்தார்.

மறுபடியும் சொம்பு, மறுபடியும் தண்ணீர். விரதம் என் கையிலிருந்து அக்காவின் கைக்குப் போனது. செவ்வாய்க்கிழமைகளில் அக்கா தன் சாமியிடம் என்ன சொன்னாரோ, என் சாமியிடம் என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. பொழுது இறங்குகிறவரை தண்ணீர் மட்டும் குடித்தார். அது எனக்குத் தெரியும், சுவர் அத்தனை மெல்லிசு.

என் பாடு தலைகீழானது. மத்தியானச் சங்கு ஊதியதும் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவளுக்கு என்ன வேண்டுமோ அதையெல்லாம் முதலில் நான் உண்ண வேண்டும். அவள் என் தட்டில்தான் உண்பாள். எனக்குப் போடாததைத் தனக்குப் போட்டுக்கொள்ள மாட்டாள். ஆகவே முருங்கைக்கீரைப் பொரியல் எனக்கும், ராகிக் களி எனக்கும், பாசிப்பயறு எனக்கும், வெந்த முட்டை எனக்கும். நான் ஒரு முட்டை தின்றால் அவள் ஒன்று தின்பாள். பேரீச்சம்பழத்தை அம்மா எங்கள் இரண்டு பேர் கையிலும் வைத்துவிட்டு, விழுங்குகிறோமா என்று வாயைப் பார்ப்பார். இரும்பு மாத்திரை ஒன்றைத்தான் நான் விழுங்கவில்லை. ஆனாலும் அவள் அதை வாயில் போடும்போது எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்தாக வேண்டும்.

எனக்குச் சட்டைப் பொத்தான் மாட்டவில்லை. கம்பெனியில் திருநெல்வேலித் தையல்காரர் என் வயிற்றை ஒரு நாள் நின்று பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இப்ப எத்தனாவது மாசம்?"

"அவளுக்கு எட்டுங்க."

"நான் ஒம்மைக் கேட்டேன்."

சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஒன்றை. காலையில் குளித்துவிட்டு வந்து பலகை முன்னால் நின்றதும் முதலில் தட்டைத்தான் பார்ப்பேன், அப்புறந்தான் சாமியை. முருகன் பொறுத்துக்கொள்வான். முதல் வாரம் தட்டு குறைந்தது. அடுத்த வாரம் கொஞ்சமாகக் குறைந்தது. அப்புறம் ஒரு நாள், நான் மூன்று விரலில் எடுத்த தடத்தைத் தவிர வேறு தடமே இல்லை. மறுநாளும் இல்லை.

"ஏனுங்க அம்மிணி," என்று மெதுவாகக் கேட்டேன், "இப்பெல்லாம் திருநீறு…"

"அய்யே," என்று முகத்தைச் சுளித்தாள். "அதை யாருங்க திம்பாங்க?"

பலகைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். முன்பு தட்டு காலியானபோது சிலிர்த்ததைவிட, அது நிறைந்தே இருந்தபோதுதான் எனக்கு அதிகமாகச் சிலிர்த்தது. அந்த மாதம் டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு, "பத்தைத் தாண்டிருச்சு. கோயமுத்தூர் வேண்டாம், இங்கயே பார்த்துக்கலாம்," என்றார். என் வயிற்றைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் குறைச்சுக்கலாம்," என்றும் சொன்னார்.

வலி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நான், அம்மா, அக்கா. கதவு மூடியபின் நானும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்தது தெரியும். எழுந்தது, தண்ணீர் குடித்தது எதுவும் நினைவில்லை. அவளுக்குப் போகிற ரத்தத்தை உடம்பு தாங்குமா என்ற ஒரே நினைப்புத்தான். அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றார். நான் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானச் சங்கு எங்கோ தூரத்தில் ஊதியது.

பொழுது சாயத் தொடங்கும்போது பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் ஒரு குறையும் இல்லை. நர்ஸ் தராசில் போட்டு மூன்றே கால் கிலோ என்றார். புள்ள பெருக்கக் கூடாது என்று முன்பு கவலைப்பட்ட என் அம்மா, ஆஸ்பத்திரி வராந்தாவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தினார். "மூணே கால் கிலோவுங்க! ஊட்டுச் சோறு. பார்த்துப் பார்த்து நாந்தானுங்க போட்டேன்."

உள்ளே போனேன். என் சம்சாரம் களைத்துக் கிடந்தாள், ஆனால் உதடு சிவப்பாக இருந்தது. நர்ஸ் ரசஞ்சோறு பிசைந்து கிண்ணத்தில் கொண்டுவந்து, "பசியோட இருப்பீங்க, சாப்பிடுங்க," என்று நீட்டினார். அவள் கிண்ணத்தை வாங்கினாள். கையை உள்ளே விட்டாள். நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க உண்டீங்களா?"

நான் காலையிலிருந்து எதுவும் உண்ணவில்லை. பொய் சொல்லலாம். ஆனால் அவளிடம் நான் உண்டதைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அவள் கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனாள்.

"இருங்க, வச்சராதீங்க!" என்று கத்திக்கொண்டே கதவைத் தாண்டி ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பன் இருந்தது. எத்தனை என்று கடைக்காரர் கேட்டதற்குக் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்தேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு பன்னை முழுசாக வாயில் திணித்து, கண்ணில் தண்ணீர் வர மென்று, விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினேன்.

அவள் முதல் கவளத்தை எடுத்தாள்.

கதவோரத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார், முகம் வாடிப்போய். என் கையில் மிச்சமிருந்த பன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க," என்றார், "புள்ளையும் பொறந்திருச்சு, தாயும் உண்டுட்டா. பொழுது எறங்க இன்னும் சித்தெ நேரம் இருக்குது. இன்னைக்கு உங்க முருகன் எனக்கு லீவு வுடுவாரா?"

"பூப் போட்டுக் கேட்டுட்டு வரட்டுங்களாக்கா?"

"அந்தப் பூ விழுகறதுக்குள்ள நான் விழுந்துருவேன்," என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த பன்னைப் பிடுங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.